அட்ஜஸ்டுக்குத் தமிழில் என்ன?

குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. வேலை பார்த்த மில் மூடிய பிறகு காத்தமுத்து தையல் கற்க வந்த இடம், அற்புதமேரியின் லேடீஸ் டெய்லர் கடை. ஊரே அவளை மாஸ்டர் என்றது. அவரும் அப்படியே அழைத்தார்.

அன்று தன் மகளின் ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாஸ்டர், அட்ஜஸ்டுக்குத் தமிழ்ல என்ன?"

"எதுக்குண்ணே?"

"நாலு மணி பஸ்ல அவ புருஷன் வீட்டுக்குத் திரும்பணும். மாட்டேங்கிறா. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா'ன்னேன். 'அதைத் தமிழ்ல சொல்லுங்கப்பா, போறேன்'ங்கிறா."

மாஸ்டர் மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"சும்மா உக்காந்து கேளுங்க. வரும்."

வந்தது.

"மேரி, சாயங்காலம் தர்றேன்னதை இப்பவே குடேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு!" என்றாள் ஒரு டீச்சர்.

கட்டடச் சொந்தக்காரர் போனில் கூப்பிட்டார். "தண்ணி ரெண்டு நாளைக்கு வராது. அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." வைத்துவிட்டார்.

இருவர் இருந்த பெஞ்சில் மூன்றாவதாக ஒரு பருத்த அம்மாள், "அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு" என்றபடி இறங்கினாள். ஓரத்துப் பெண் எழுந்து நின்றுகொண்டாள்.

"என்னண்ணே, கிடைச்சுதா?"

"பொறுத்துக்கோ?"

"சொன்னவங்க யாராவது பொறுத்தாங்களா?"

"விட்டுக்கொடு?"

"அந்தா நிக்குதே பொண்ணு. அது இடத்தைக் கொடுத்துச்சா, இல்ல இடம் போச்சா?"

"ஏண்டி, என்னைப் பாத்தா பேசுறே?" என்றாள் பருத்த அம்மாள்.

"உங்களை இல்லக்கா. நீங்க உக்காருங்க."

காத்தமுத்து பேச்சை மாற்றினார்.

"இதைப் பிடிச்சுத் தரச் சொன்னா. தொளதொளன்னு கிடக்காம். கையையும் முழங்கை மறைய நீட்டணுமாம்."

மெஷின் நின்றது.

"முன்னெல்லாம் கை குட்டையாத்தானே போடுவா?"

அவர் ரவிக்கையின் கையை இழுத்து நேராக்கினார்.

"உள்பக்கம் திருப்புங்க. எத்தனை தையல்?"

"மூணு."

"கல்யாண ரவிக்கைக்கு உள்ளே ரெண்டு விரல் துணி எதுக்கு விடுறோம்?"

"பின்னால உடம்பு போட்டா பிரிச்சுவிட."

"பிரிச்சீங்களா?"

காத்தமுத்து தையல்களை விரலால் தடவினார். முதல் கோடு மாஸ்டருடையது, நேராக ஓடியது. மற்ற இரண்டும் கோணல். அவர் போட்டவை.

"பிடிச்சேன். பொங்கலுக்கு ஒரு தடவை. சித்திரையில ஒரு தடவை."

"அப்பவும் பஸ் ஏத்திவிட்டீங்க."

"ஆமா."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

"இன்னும் எவ்வளவு பிடிக்கலாம் மாஸ்டர்?"

மாஸ்டர் ரவிக்கையை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

"தாராளமாப் பிடிக்கலாம்ணே. துணி நிறைய இருக்கு. அவதான் தீந்துக்கிட்டு வர்றா."