துடுக்கி போட்ட வெந்தயத் தோட்டம்

குளக்கரை இலந்தைப் புதருக்குள் துடுக்கி என்றொரு தாய் முயல் குடியிருந்தது. பெயருக்கேற்ற முயல்! ஓரிடத்தில் அரை நொடி நிற்காது. விடிந்தால் வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடும். எதற்கு ஓடினோம் என்று பிறகுதான் யோசிக்கும்.

அதற்கு மூன்று குட்டிகள். பால்குடி மறக்கிற வயது. பல் முளைத்ததும் கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கிவிட்டன. அம்மாவின் காதைக்கூட விட்டுவைக்கவில்லை. இனி அதுகளுக்குப் பச்சை இலை வேண்டும். இலைக்குப் புல்வெளிக்குப் போக வேண்டும். ஆனால் புல்வெளியில்தான் நரி ஒன்று புதிதாக வந்து குடியேறியிருக்கிறதே! அங்கே மேயப் போன முயல்கள் எதுவும் திரும்பவில்லை.

‘போனால் நான் மிஞ்ச மாட்டேன். போகாவிட்டால் என் பிள்ளைகள் மிஞ்சாது.’ இப்படி நினைத்தது துடுக்கி. ஆனால் சும்மா உட்கார்ந்து அழுவதற்கும் அதற்குப் பொறுமை கிடையாது. சட்டென்று துள்ளி எழுந்தது.

“இந்த முள்ளுக்குள்ள நரி மூக்கைக்கூட நுழைக்க முடியாது. நடுவுல நல்லா வெயில் விழுது. இலையை நாமளே வளர்த்துட்டா என்ன?”

அட, என்ன யோசனை! துடுக்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. இதுவரை ஒரு புல்லைக்கூட நட்டதில்லை என்பது அதற்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

சேதி பரவியதும் இரண்டு பேர் புத்தி சொல்ல ஓடி வந்தார்கள். ஒருவர் பொந்தையா. மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் பெருச்சாளி. இன்னொருத்தி செம்மூக்கி. குளத்தில் நீந்தித் திரியும் நீர்க்கோழி.

பொந்தையா வரும்போதே இரண்டு கன்னத்திலும் வெந்தயத்தை அடைத்துக்கொண்டு வந்து, தரையில் குவித்தது.

“தங்கச்சி, மண்ணைக் கிளறு. விதையைத் தூவு. மேலாப்புல மண்ணைப் போட்டுத் தண்ணி தெளி. அப்புறம் போய்ப் படுத்துத் தூங்கு! எப்ப வெளியே அனுப்பணும்னு மண்ணுக்குத் தெரியும்.”

செம்மூக்கி களுக்கென்று சிரித்தது. “இவர் பேச்சைக் கேட்டா பிள்ளைங்களுக்குப் பல்லு கொட்டினப்புறம்தான் கீரை வரும்! மண்ணுன்னா புழு, பூச்சி, களை, கறையான். அந்தத் தொல்லை எதுக்கு? மண்ணே இல்லாம தண்ணியிலேயே வளர்க்கலாம்டி!”

“தண்ணியில வளர்றது பாசி!” என்றது பொந்தையா.

“மண்ணுல வளர்றது உம்ம தொப்பை!” என்றது செம்மூக்கி.

“ஐயோ, சண்டை போடாதீங்க! பொந்தையா அண்ணே விதையோட வந்திருக்காரு. முதல்ல மண்ணு!” என்று துடுக்கி கத்தியது. கத்தி முடிப்பதற்குள் பாதித் தரையைக் கிளறியும் விட்டது.

விதைத்தாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. தூங்க வேண்டியதுதானே? துடுக்கியா தூங்கும்!

விடியுமுன் எழுந்து மண்ணைக் கீறிப் பார்த்தது. “முளைச்சிருக்கா? இல்லையே!” மூடியது. வெயில் ஏறியதும் மறுபடி கீறிப் பார்த்தது. மாலையில் இன்னொரு தடவை. ஒருநாள் விதையொன்று வெடித்து வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தது. அவ்வளவுதான்! அதை வெளியே எடுத்து, ஊதி, மண்ணைத் தட்டி, “பாருங்கடா, பாருங்கடா! மூக்கு விட்டிருக்கு!” என்று குட்டிகளுக்கெல்லாம் காட்டிவிட்டுத் திரும்பப் புதைத்தது. மறுநாள் பார்த்தால் அந்த மூக்கு கருகிப்போயிருந்தது.

பொந்தையா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. “அம்மா தாயே! வயித்துல இருக்கிற பிள்ளையைத் தினம் வெளியே எடுத்து முத்தம் கொடுப்பியா? உனக்குச் சொல்லி மாளாது. நான் அறுவடைக் களத்துக்குப் போறேன். வர நாளாகும்!”

துடுக்கிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. செம்மூக்கிக்கென்று ஒரு பிடி வெந்தயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் பாத்தியிலேயே வீசியெறிந்தது. பின்னங்காலால் மண்ணை உதைத்துத் தள்ளியது. போதாதென்று ஒரு குவியல் சருகையும் அதன் மேல் வாரிக் கொட்டியது.

“பாழாப் போ! இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!” என்று மண்ணிடம் டூ விட்டுவிட்டு, “அக்கா! செம்மூக்கி அக்கா!” என்று குளத்துக்கு ஓடியது.

செம்மூக்கிக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் கிடந்த உடைந்த பானைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் பொறுக்கச் சொன்னது. பானையில் தண்ணீர். பானை வாயில் சிரட்டை. சிரட்டைக்குள் தேங்காய் நார். நாரில் விதை.

“சிரட்டைக்குக் கண்ணு இருக்கு பாரு, அது வழியா வேர் கீழே இறங்கும். நுனி மட்டும் தண்ணியைத் தொடணும். மேல்பாதி காத்து வாங்கணும். முழுசா முக்கினே, மூச்சு முட்டிச் செத்துப்போகும்!”

துடுக்கி சுரைக்குடுக்கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறந்தது. பாறையிடுக்கில் ஊறும் பளிங்கு போன்ற தண்ணீரைத்தான் கொண்டுவந்தது. என் பிள்ளைகளுக்கு வளர்க்கிற கீரைக்குக் குளத்தின் பச்சைத் தண்ணியா? ம்ஹூம்!

முளை வந்தது! வேரும் வந்தது! சிரட்டையைத் தூக்கினால் வெள்ளை வேர் தொங்குகிறது. கீறவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம். துடுக்கி நாள் முழுக்கத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தது. ஆனால் இலை மட்டும் சோகை பிடித்து மஞ்சளாக நின்றது.

“அடி பைத்தியக்காரி! வெறும் தண்ணியைக் குடிச்சு யாருக்காவது உடம்பு தேறுமா?” என்றது செம்மூக்கி. “மண்ணுல சாப்பாடு ஏற்கெனவே இருக்கு. இங்கே நீதான் ஊட்டணும். மீன் கழிவு கரைஞ்ச குளத்துத் தண்ணியை ஊத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்து. மறந்துடாதே!”

மறப்பதா? சொன்ன வேலையைப் பத்து மடங்கு செய்வதுதான் துடுக்கியின் வழக்கம். பச்சைத் தண்ணீர் ஊற்றியதுதான் தாமதம், இலை கிடுகிடுவென்று வளர்ந்தது. சீக்கிரமே ஒரு நல்ல காலையில் ஆளுக்கு ஓர் இலை கிள்ளிக் கொடுத்தது. குட்டிகள் மொறுமொறுவென்று கடித்தன. கடைக்குட்டி சுண்டு கசப்பில் முகத்தைச் சுளித்துவிட்டு, “இன்னும்!” என்றது.

இன்னும்! அந்த ஒரு சொல்லில் துடுக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. புதரைவிட்டு வெளியே பாய்ந்து, கரையெல்லாம் குதித்து ஓடிக் கூவியது.

“என் பிள்ளைங்க கீரை தின்னுது! இனிப் புல்வெளியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! குளத்துத் தண்ணி ஒண்ணு போதும்!”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு முயலும் கெட்டது. புல்வெளியில் படுத்திருந்த நரி காதை நிமிர்த்தியது. “ஓஹோ! குளத்துத் தண்ணி ஒண்ணு போதுமா? அப்போ நமக்கும் குளத்தங்கரை ஒண்ணு போதுமே!” என்று எழுந்து வந்து, புதருக்கும் குளத்துக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

துடுக்கி எப்படியோ உள்ளே பாய்ந்து தப்பியது. தண்ணீருக்கு எப்படிப் போவது? நரி நகரவில்லை.

“தாகமா இருக்கா துடுக்கி? வாயேன், நானே மொண்டு தர்றேன்!” என்று கேலி வேறு.

வெயில் கொளுத்தியது. பானைத் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. செம்மூக்கி பறந்து பறந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி! வேர் நுனி தண்ணீரைத் தொடவில்லை. காலையில் நிமிர்ந்து நின்ற கீரை மாலைக்குள் துவண்டு தலை தொங்கிவிட்டது. மறுநாள் எல்லாமே சுருண்டு காய்ந்துபோயின.

“தண்ணி ஒரே நாள்கூடப் பொறுக்காதா அக்கா?” என்று துடுக்கி விம்மியது.

செம்மூக்கி தலையைக் குனிந்துகொண்டது. “வேகமாக் கொடுக்கும்டி. ஆனா காத்திருக்காது. சேர்த்து வச்சுக்க அதுகிட்ட ஒண்ணும் இல்லை.”

குட்டிகள் பசியில் முனகின. கரையோரக் கோரையைக் கொறிக்கவும் வழியில்லாமல் துடுக்கி சாப்பிட்டே நாளாகிவிட்டதால் பாலும் வற்றிவிட்டது. ‘சரி, நானே வெளியே ஓடுகிறேன். நரி என்னைத் துரத்தட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளட்டும்.’ அப்படி முடிவு செய்து, கடைசியாக ஒரு தடவை குட்டிகளை அணைத்துக்கொண்டது. இரண்டுதான் இருந்தன. சுண்டுவைக் காணோம்!

“சுண்டு! அடேய் சுண்டு!”

மொறு மொறு என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. எங்கிருந்து? டூ விட்டதிலிருந்து துடுக்கி திரும்பியும் பார்க்காத அந்தச் சருகுக் குவியலிலிருந்து!

துடுக்கி பாய்ந்து போய்ச் சருகை விலக்கியது. உள்ளே சுண்டு உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் பச்சை இலை! அதைச் சுற்றிலும் பச்சை இலை! மண்ணில் குளுகுளுவென்று ஈரம். சருகிடுக்கு வழியே தளதளவென்று நிமிர்ந்து நின்றது வெந்தயக்கீரை, பாத்தி முழுக்க!

“ஐயையோ! ஐயையோ!” துடுக்கி சிரித்தது, அழுதது, மற்ற இரண்டு குட்டிகளையும் இழுத்துக் கீரைக்குள் தள்ளியது. அன்று அந்தப் புதருக்குள் வெகுநேரம் மொறுமொறுச் சத்தம்தான் கேட்டது.

நரியும் அதைக் கேட்டது. நாலாபக்கமும் சுற்றிவந்து மோந்து பார்த்தது. ஒருவரும் வெளியே வருவதாகத் தெரியவில்லை. வயிறு முதுகோடு ஒட்டியதும் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேறு காட்டைத் தேடிப் போய்விட்டது.

களத்திலிருந்து பொந்தையா திரும்பியபோது துடுக்கி ஓடிப்போய் அதன் காலில் விழுந்தது. “அண்ணே! நான் ஒண்ணுமே செய்யலையே! எப்படி அண்ணே வந்துச்சு?”

“நீ ஒண்ணும் செய்யலை பாரு, அதனாலதான் வந்துச்சு!” பொந்தையா தொப்பை குலுங்கச் சிரித்தது. “சருகு வெயிலை மறைச்சது. மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சது. நீ திட்டினதைக்கூட அது மனசுல வச்சுக்கலை.”

துடுக்கி மண்ணையும் பார்த்தது, சிரட்டைகளையும் பார்த்தது. முதல் தடவையாகத் தன் முன்னங்கால்களையும் பார்த்தது. துறுதுறுவென்று எதையாவது கீறத் துடிக்கும் கால்கள்! அன்றிலிருந்து அந்தக் கால்களுக்கு வேலை சிரட்டைகளிடம்தான். நாளெல்லாம் தூக்கிப் பார்க்கலாம், தண்ணீர் மாற்றலாம், எந்தக் கெடுதலும் இல்லை. மண் பாத்திக்குச் சுண்டு காவல். துடுக்கி அந்தப் பக்கம் போனாலே போதும், மூன்று குட்டிகளும் ஒரே குரலில் கத்தும்.

“அம்மா! காலை எடு!”

ஆகவே, மண் உசத்தியா தண்ணீர் உசத்தியா என்று கேட்பதற்கு முன்னால் நம் குணம் என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஓயாமல் கவனிக்கிறவருக்குத்தான் தண்ணீர் கொடுக்கும், நம்பி விட்டுவைக்கிறவருக்குத்தான் மண் கொடுக்கும்.