மாலையோடு திரும்பிய மாப்பிள்ளை

கோரைக்குளத்தில் விடிந்ததிலிருந்து ஒரே ஆரவாரம்! கூழைக்கடாப் பறவை சோலையப்பனுக்கு அன்று கல்யாணம்.

மணப்பெண் பூவழகி மலைக்கு அந்தப் பக்கம், தெளிநீர் ஏரியில் இருந்தாள். அவளுடைய அப்பா கறாரான ஆள். "உச்சிப்பொழுதுக்குள் மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். தவறினால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

சோலையப்பன் அல்லிப்பூ மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பாட்டுக்காரத் தவளை குண்டுமணியை அலகுப் பைக்குள் ஏற்றிக்கொண்டான். கல்யாணத்தில் பாட அந்த வட்டாரத்தில் குண்டுமணியை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"தம்பி, மறந்துபோய் என்னை விழுங்கிடாதே!" என்றது தவளை.

"கவலைப்படாதீங்க அண்ணே! இன்னைக்கு எனக்குக் கல்யாண விரதம்."

"விரதம் எப்போ முடியுது?"

"உங்க பாட்டு முடிஞ்சதும்."

"அப்போ நான் பாட்டை நிறுத்தவே மாட்டேன்!"

மாப்பிள்ளைத் தோழனாக நீர்க்காகம் கருக்கன் கூட வந்தான். கருக்கன் முக்குளிப்பதில் கெட்டிக்காரன். கலங்கிய தண்ணீரிலும் மீனைத் துரத்திப் பிடிப்பான். அதனால் தனக்குத் தெரியாத வழியே இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

கிளம்பும் முன் சோலையப்பன் கரையில் நின்று மலையைப் பார்த்தான். மலைக் கணவாயில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது.

"அந்தப் பனை கண்ணுக்குத் தெரிந்தால் கணவாயைத் தாண்டுவேன். தெரியாவிட்டால் திரும்பிவிடுவேன்" என்று உரக்கச் சொன்னான்.

கருக்கன் சிரித்தான். "கல்யாணத்துக்குப் போகும்போதே திரும்பி வருகிற பேச்சா? நல்ல மாப்பிள்ளை!"

"இங்கே தரையில் நிற்கும்போது என் புத்தி பேசுகிறது, கருக்கா. மேலே ஏறிவிட்டால் ஆசைதான் பேசும். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்."

மூவரும் கிளம்பினார்கள். காற்று இதமாக இருந்தது. கீழே வயல்கள் பச்சைப் பாயாக விரிந்து கிடந்தன. பைக்குள் குண்டுமணி குரலைச் சரிபார்த்துக்கொண்டே வந்தது.

பாதி வழி போனதும் காற்று திசை மாறியது. மலைக்குப் பின்னாலிருந்து மேகம் பொங்கிப் பொங்கி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணவாய் மறைந்தது. பனையைக் காணோம்!

"நிற்காதே! போ!" என்றான் கருக்கன். "இன்னும் கொஞ்ச தூரம்தான். எனக்கு ஏரி வாசனையே வருது!"

"தம்பி, பந்தி முடிஞ்சிடும்!" என்றது பைக்குள்ளிருந்து குண்டுமணி.

சோலையப்பனுக்குப் பூவழகியின் நினைப்பு வந்தது. பூவழகி ஏரிக்கரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். உச்சிப்பொழுது தாண்டினால் அவள் வேறு யாருக்கோ மனைவி. அவன் மேகத்தை உற்றுப் பார்த்தான். அதோ, சாம்பல் நிறத்தில் மெலிதாக ஒன்று நிமிர்ந்து நிற்கிறதே! பனைதான்! பனையேதான்!

மறுகணம் அவனுக்கே சந்தேகம் வந்தது. ஆசை, மேகத்தில்கூடப் பனைமரம் வரைந்து காட்டும்.

"அண்ணே, கொஞ்சம் எட்டிப் பாருங்க. பனை தெரியுதா?" என்று அலகைத் திறந்தான்.

குண்டுமணி தலையை நீட்டியது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "பனையா? எனக்கு உன் மூக்கு நுனியே தெரியலே!"

சோலையப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாசலும் மூடிக்கொண்டால் பிறகு திரும்பக்கூட முடியாது. அகலமாக ஒரு வட்டம் போட்டுச் சிறகைத் திருப்பினான்.

"கோழை!" என்று கத்தினான் கருக்கன். "தண்ணிக்குள்ளேயே வழி கண்டுபிடிக்கிறவன் நான். மேகம் என்ன, மேலே நிற்கிற தண்ணிதானே! நான் போய்ச் சொல்கிறேன், மாப்பிள்ளை பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டார் என்று!"

சோலையப்பன் அழைக்க அழைக்கக் கேட்காமல் கருக்கன் மேகத்துக்குள் புகுந்துவிட்டான்.

சோலையப்பன் கோரைக்குளத்தில் வந்து இறங்கியதும் அங்கே நீந்திய நாமக்கோழிகளுக்குக் கொண்டாட்டம். "மாலையோடு போனார், மாலையோடு வந்தார்! பெண்ணை எங்கே மாப்பிள்ளே? பைக்குள்ளே இருக்கா?"

பைக்குள்ளிருந்து குண்டுமணி குதித்தது. நாமக்கோழிகள் விழுந்து விழுந்து சிரித்தன. சோலையப்பன் கொட்டத் தொடங்கிய மழையில் மலை இருந்த பக்கம் பார்த்தபடியே நின்றான்.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பனை பளிச்சென்று தெரிந்தது! கல்யாணம் கைவிட்டுப் போனதா இல்லையா என்று தெரியாமலே சோலையப்பன் புறப்பட்டான். குண்டுமணியும் ஏறிக்கொண்டது.

கணவாயைத் தாண்டும்போது கீழே ஒரு முள்மரத்திலிருந்து முனகல் கேட்டது. கருக்கன்! நீர்க்காகத்தின் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மேகத்துக்குள் நனைந்து கனத்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து மரத்தில் மோதியிருந்தான். வால் இறகு ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஏதாவது சொல்லிடாதே" என்றான் கருக்கன்.

"வெயிலில் சிறகை விரி. காய்ந்ததும் சேர்ந்து போகலாம்" என்றான் சோலையப்பன்.

தெளிநீர் ஏரிக்கரையில் பெண்ணின் அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். "நேற்று வரச் சொன்னால் இன்றைக்கு வருகிறாயா? மழைக்குப் பயந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்! இன்றைக்கே வேறு இடம் பார்க்கப்போகிறேன்!"

"பயந்தது உண்மைதான் மாமா. வழி தெரியவில்லை, நான் திரும்பிவிட்டேன். கருக்கன் மட்டும் மேகத்துக்குள் போனான்" என்றான் சோலையப்பன்.

"இதோ இந்தத் தோழன் திரும்பவில்லையே! வீரன் என்றால் இவன்! ஏனப்பா, நீ மட்டும் ஏன் நேற்றே வந்து சேரவில்லை?"

கருக்கன் திரும்பி நின்று, வால் இல்லாத பின்பக்கத்தைக் காட்டினான். ஏரியே குலுங்கிச் சிரித்தது! பெரியவருக்கும் மூக்கு ஆடியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இருந்தாலும் சொன்ன சொல் சொல்தான்" என்று முறைத்தார்.

அப்போது பூவழகி முன்னால் வந்தாள்.

"அப்பா, நாளைக்கு எங்கள் கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அப்போது எனக்கு வீரர் வேண்டாம். வீட்டுக்குத் திரும்பி வருகிறவர் போதும். இவரையே கட்டிக்கொள்கிறேன்."

பெரியவர் மகளைப் பார்த்தார். சோலையப்பனைப் பார்த்தார். "அப்படியென்றால் ஏன் சும்மா நிற்கிறீர்கள்? பாட்டுக்காரர் எங்கே?" என்று அதட்டினார்.

குண்டுமணி ஓர் அல்லி இலையில் தாவி ஏறிப் பாடத் தொடங்கியது. தாளம் தப்பியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கரையெல்லாம் சிறகுகள் படபடத்தன. வாலில்லாத கருக்கன்தான் எல்லோரையும்விட நன்றாக ஆடினான்.

வழி மறைந்தால் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்து, அந்த முடிவைக் காப்பாற்றுகிறவரே கடைசியில் நினைத்த இடத்தை அடைகிறார்.