தங்கப்பழம் எடுத்த சாம்பிள்

தங்கப்பழம் நுழைந்த வேகத்தில் சிமெண்ட் ஆலை லேப்பின் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயது. மூட்டைப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து, தன்னைவிடப் பதினாறு வயது இளைய கெமிஸ்ட் பர்வீனிடம் தொழில் கற்கிறவர்.

"ஊசியப் பாத்தீங்களா வாத்தியாரம்மா?"

அச்சில் அடைத்து வேகவைத்த சிமெண்ட் வீங்கி, அச்சின் இரண்டு ஊசிகளையும் அகலப் பிரித்திருந்தது. உள்ளே வேகாத சுண்ணாம்பு. இதை வைத்துக் கட்டினால் சுவர் வாய் பிளக்கும்.

"எல்லாம் மில் ஃபோர்மேன் அருமைநாதன் வேலை! கழிச்சுப்போட்ட பழைய கிளிங்கர் குவியலை அள்ளி அரைச்சிருக்கான். கேட்டா என்னங்கறான்?" மூக்கைப் பிடித்துக்கொண்டு அருமைநாதன் குரலிலேயே இழுத்தார். "'சூளையில வந்ததத்தான் சார் அரைச்சேன்... வரும்போதே புழுதிதான் சார்...' புழுதியாம்! மூணு நாளா இந்தக் கையாலதான் சாம்பிள் எடுக்கறேன். ஒவ்வொண்ணும் கருகருன்னு திராட்சை மாதிரி! மெமோ எழுதியாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே அவன் சஸ்பெண்டு."

"ஒரு சாம்பிள் எடுத்துக் காட்டுங்க" என்றார் பர்வீன்.

சூளையில் வெந்து, சிமெண்டாக அரைபடப் போகும் கிளிங்கர் கட்டிகள் ஆறி வரும் இடத்துக்குப் போனார்கள். தங்கப்பழம் ஒரு தட்டில் அள்ளினார். சாய்த்து ஊதினார். பழுப்புத் தூளும், விரல் பட்டாலே நொறுங்கும் துண்டுகளும் கீழே கொட்டின. கறுத்த உருண்டைகளை மட்டும் பெருமையாக நீட்டினார்.

"கீழ கிடக்கறது?"

"குப்பைம்மா. மூட்டைப் பிரிவுல கிழிஞ்ச மூட்டையவா பார்ட்டிக்குக் காட்டுவோம்?"

பர்வீன் குனிந்து அந்தக் குப்பையை இன்னொரு தட்டில் வாரிக்கொண்டார். லேப்பில் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தார். உருண்டையில் வேகாத சுண்ணாம்பு நூற்றுக்கு ஒன்று. குப்பையில் ஆறு.

"அப்ப சூளைக்காரனுங்கதான்!" தங்கப்பழம் மறுபடி கொதித்தார். "ஈர நிலக்கரியப் போட்டு, வேக விடாம சரசரன்னு தள்ளிட்டானுங்க!"

"தள்ளினாங்க. கிளிங்கர் நல்லாயிருக்குன்னு தினமும் நம்ம ரிப்போர்ட்டு போச்சே."

தங்கப்பழத்தின் குரல் இறங்கிப்போனது. "மெமோவக் கிழிச்சிடவா?"

"எதுக்கு? நல்லாத்தானே எழுதியிருக்கீங்க. பேர மட்டும் மாத்துங்க."

தங்கப்பழத்துக்குக் காதெல்லாம் சுட்டது. "ஏம்மா, மூணு நாளும் நான் கொண்டாந்த தட்ட நீங்களும்தான பாத்தீங்க? தூள் எங்க போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கலை" என்றார் பர்வீன். "என் பேர முதல்ல போடுங்க."