மில் பூமிநாதன்

உங்கள் பெயருக்கு முன்னால் ஊரார் சேர்த்துச் சொல்லும் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால், எஞ்சி நிற்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா? பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு பெயரின் கதையைக் கேளுங்கள்.

நூற்பாலைகள் நிறைந்த ஓர் ஊரில் பூமிநாதன் என்றொரு பெயர் இருந்தது. அதற்குரிய மனிதர் பொன்னி மில்லில் இருபத்தாறு ஆண்டுகளாக மேற்பார்வையாளர். மளிகைக் கடையிலும் சரி, பேருந்து நிறுத்தத்திலும் சரி, அவரை யாரும் வெறுமனே பூமிநாதன் என்று சொன்னதில்லை. 'மில் பூமிநாதன்' என்றே சொன்னார்கள். 'மில்' என்ற சொல் முன்னே நடக்கும். பெயர் அதன் நிழலில் சுகமாகப் பின்னே நடக்கும்.

ஒரு சித்திரை மாதம் பொன்னி மில்லைப் பெரிய குழுமம் ஒன்று வாங்கியது. யாருக்கும் வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. வாசற்பலகை மட்டும் மாறியது. புதுப் பலகையில், குழுமத்தின் மூன்றாவது ஆலை என்ற கணக்கில், 'அலகு மூன்று' என்று எழுதியிருந்தது.

அடுத்த வாரமே பெயருக்குச் சோதனை வந்தது. மகள் செண்பகவல்லியின் திருமணப் பத்திரிகைக்காக அச்சகத்தாரிடம் தொலைபேசியில் பேசிய மனிதர், பழக்க தோஷத்தில் தம்மை 'மில் பூமிநாதன்' என்றே சொல்லிவைத்தார். அச்சகத்தார் அதைத் தகப்பனார் பெயர் என்று எண்ணிச் சுருக்கி, மாதிரித் தாளில் 'மி. பூமிநாதன்' என்று அடித்து அனுப்பிவிட்டார்.

மகள் தாளைப் படித்தாள். "அப்பா, இந்த 'மி.' யாரு? தாத்தா பேரு சடையப்பன்தானே?"

"அது மில்லும்மா. தப்பா எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப மில்லு எனக்குத் தாத்தா முறையாகுது. முதல் பத்திரிகைய மில் கேட்டுல வச்சுக் கும்பிட்டுட்டு வந்துருவோமா?"

மனிதர் சிரித்தார். ஆனால் பேனாவைத் திறந்தவருக்கு எதை அடிப்பது, எதை எழுதுவது என்று விளங்கவில்லை. இரவுக்குள் திருத்தம் போய்ச் சேர வேண்டும். தாளை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் தாளின்மேல் வழக்குத் தொடங்கியது.

முதலில் 'ச.' என்னும் தலைப்பெழுத்து வந்தது, தன் புள்ளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "மகனே, பெற்றவன் நான். இருபத்தாறு வருஷமாக ஊரில் ஒருவரும் என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. ரேஷன் அட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது என் நாற்காலியில் மில்லா?"

"கோபிக்காதீர்கள் அப்பா," என்றது பெயர். "உங்களோடு மட்டும் வந்தால் என்னை யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் பூமிநாதன் ஏழு பேர். மில் இல்லையென்றால் நான் யாரோ. பந்தலுக்கு ஆள் வராமல் போனால் பெண்ணுக்கு அல்லவா தலைகுனிவு?"

அப்போது மொடமொடப்பாக 'அலகு மூன்று' வந்து நின்றது. "சார், முறைப்படி இனி நான்தான் உங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். 'அலகு மூன்று பூமிநாதன்'. சொல்லிப் பாருங்கள்."

பெயர் சொல்லிப் பார்த்தது. 'ச.' வாய்விட்டுச் சிரித்தது. "ஆஸ்பத்திரிக் கட்டில் நம்பர் மாதிரி இருக்கிறதப்பா."

அலகு மூன்றின் முகம் வாடிவிட்டது.

பெயர் பழைய தோழனிடம் திரும்பியது. "மில்லே, நீயே நின்றுவிடு. உன்னை விட்டால் எனக்கு முகமில்லை."

அதுவரை ஓரமாக நின்றிருந்த மில் பேசியது. "அப்பனே, பலகையைக் கழற்றியபோது என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பலகை பழைய இரும்போடு போயிற்று, நான் போகவில்லை. மறுநாளும் ஊர் என்னைச் சொன்னது. ஏன் என்று யோசித்தாயா?"

"இல்லையே."

"மற்ற மேற்பார்வையாளர்கள் ஆட்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? 'ஏய், பதினேழாம் நம்பர்.' இயந்திரத்தின் எண்தான் ஆளின் பெயர். உனக்குரியவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'முத்துப்பேச்சி, நூல் அறுந்துருச்சும்மா, பாரு' என்பார். 'இருளாண்டி, மகனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா' என்பார். நானூறு பேரையும் பெயர் சொல்லியே அழைத்தார். செங்கல்லும் இரைச்சலுமாய்க் கிடந்த என்னை 'நம்ம மில்' ஆக்கியது அந்தக் குரல். நான் உனக்கு முகம் கொடுத்ததாக இத்தனை நாளும் எண்ணியிருந்தாய். கொடுத்தவன் நீயப்பா."

 பெயர் மெல்ல நிமிர்ந்தது. "அப்பா, உங்கள் இடத்துக்கு வாருங்கள்," என்று தலைப்பெழுத்தை முன்னால் நிறுத்தியது.

"நானும் கல்யாணத்துக்கு வருவேன்," என்றது மில். "பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில். அங்கே நிற்பதுதான் எனக்கும் சௌகரியம்."

அலகு மூன்று தயங்கியது. "என்னை இன்னும் யாரும் 'நம்ம' என்று சொல்லவில்லையே?"

"சொல்வார்கள்," என்றது பெயர். "புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களை அவர் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்."

மாலையில் மனிதர் முகமலர்ச்சியோடு வீடு திரும்பினார். மகளிடம் சொன்னார்: "வேலையில இந்தப் பேரு குழப்பத்தச் சொன்னேன். முத்துப்பேச்சி கேட்டுல நிப்பாட்டி என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணாச்சி, பத்திரிகையில நீங்க என்ன வேணா போட்டுக்கோங்க. பேரு சொல்லிக் கூப்பிட்ட மனுசன் வீட்டு விசேஷம், நாங்க வராம இருப்பமா'ன்னா."

பேனாவை எடுத்தார். கை தயங்கவில்லை. 'ச. பூமிநாதன்' என்று எழுதி, அதன் கீழே சிறிதாகப் 'பொன்னி மில்' என்று எழுதினார்.

அன்பர்களே, நீங்கள் பணிபுரியும் இடத்திலும் 'மூன்றாம் கவுன்ட்டர்' என்றும், 'வாட்ச்மேன்' என்றும் மட்டுமே அழைக்கப்படும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்று வீடு திரும்புவதற்கு முன் அவரிடம் சென்று பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரால் அவரை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வாருங்கள்.