மச்சானிடம் வாங்காத காகிதம்

சாத்தூர் குருவையா மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். ஊருக்கே சத்தம் கொடுப்பவர், மனிதர்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்க மட்டும் கூச்சப்படுவார். அவர் தலைகுனிந்த கதை இது. முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ராஜபாளையத்து நாய்க்குட்டி வேண்டுமென்று மனைவியின் அண்ணன் சீனிராஜ் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் படுத்திருந்த வெள்ளை நாயைக் காட்டி, "இதுதான் தகப்பன், சிங்காரம்" என்றார் சீனிராஜ். ஆண் குட்டி ஒன்றைக் கொடுத்து, தாய் தகப்பன் பெயர் போட்ட பதிவுச் சான்றிதழையும் நீட்டினார்.

"நமக்குள்ள என்னத்துக்கு மச்சான் காகிதம்? உங்களச் சந்தேகப்பட்ட மாதிரில்ல ஆகிப்போகும்!"

மாப்பிள்ளையை வற்புறுத்தச் சங்கடப்பட்டு, சீனிராஜ் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, அன்னபாக்கியம் டீச்சர் தன் ராஜபாளையம் இனப் பெட்டை நாய்க்கு ஜோடி தேடி வந்தார். அது வேறு ஊரில் வேறொருவரிடம் வாங்கியது. அதன் சான்றிதழைக் குருவையா கையில் கொடுத்து, "உங்க நாய்க்கும் இருக்குல்ல அண்ணாச்சி?" என்றார்.

இல்லை என்று சொல்ல வெட்கம். "எல்லாம் சரியா இருக்கு டீச்சர்" என்றார். டீச்சர் கொடுத்ததைத் துருவிப் பார்ப்பது மரியாதையில்லை என்று, மடிப்பைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். டீச்சரும் அதற்குமேல் கேட்கவில்லை.

வெள்ளை வெளேரென்று நான்கு குட்டிகள் பிறந்தன. ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி என்பது வழக்கம். ஒன்றரை மாதம் கழித்து அதைத் தேர்ந்தெடுக்கக் குருவையா டீச்சர் வீட்டுக்குப் போன அன்று, எதிர் மண்டபத்தில் அவருடைய ஆட்கள் குழாய் ஸ்பீக்கரை அலறவிட்டார்கள். தாய் நாய் துள்ளி எழுந்தது. குட்டிகள் அசையாமல் தூங்கின. நான்குக்கும் காது கேட்காது.

"ரத்த உறவுல சேத்தா இந்தக் குறை கூடும். தாய் நாயோட தகப்பன் யாரு?" என்றார் பார்க்க வந்த கால்நடை மருத்துவர். டீச்சர் சான்றிதழைப் பிரித்து வாசித்தார்: "சிங்காரம். உரிமையாளர் சீனிராஜ், ராஜபாளையம்." குருவையா தலைகுனிந்தார். தன் நாய்க்கும் அதே தகப்பன்தானே!

"நான் திணிச்சாவது விட்டிருக்கணும் மாப்பிள்ளை" என்றார் சீனிராஜ், போனில். "நான் கண்ணால பாக்காம சம்மதிச்சிருக்கக் கூடாது" என்றார் டீச்சர். வாங்க ஆளில்லாத நான்கு குட்டிகளும் குருவையாவின் காலடியில் கிடந்தன.

மூவரில் அந்தக் குட்டிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: சீனிராஜுக்கு டீச்சரின் நாயைத் தெரியாது. குருவையா நாயின் தகப்பன் சிங்காரம் என்பது டீச்சருக்குத் தெரியாது. சிங்காரத்தை நேரில் பார்த்தவரும், அதன் பெயர் எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கியவரும் குருவையா ஒருவர்தான். ஒரே ஒரு பெயரை வாசித்திருந்தால் போதும். அதை ஒப்புக்கொண்டு, நான்கு குட்டிகளையும் அவரே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். கூப்பிட்டால் அவை திரும்பாது. சோறு வைக்கும்போது தரையைக் காலால் ஓங்கித் தட்டுவார், அந்த அதிர்வுக்கு ஓடிவரும். ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அவருக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.