வடையில் ஏறிய அரசாணை

கடக்... மடக்... கடக்... மடக்...

சத்தம் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "யாரது, அரண்மனைக்குள் செக்கு ஓட்டுவது?" என்று அதட்டினார் செம்பழுவூர் ராஜா.

திரை விலகியது. செக்கு இல்லை, ஒரு மர யந்திரம். அதன் கைப்பிடியைப் பிடித்தபடி கடற்கரைப் பட்டணத்துச் சவரிராயர் நின்றார். "அச்சு யந்திரம், மகாராஜா! ஓலையில் ஒருவன் ஒரு வரி கீறுவதற்குள் இது ஒரு கட்டுத் தாளைத் துப்பிவிடும்."

ராஜாவுக்குப் புல்லரித்தது. புதிதாக எதைக் கண்டாலும் உடனே பழையதைத் தூக்கி எறிய வேண்டும் அவருக்கு. போன வருஷம் ஒரு கிளி பேசியதைக் கேட்டுவிட்டு, அரண்மனைப் பாடகர்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தவர்.

அன்றே சபையைக் கூட்டினார். நாட்டில் சேதி பரப்பும் தொழில்களின் தலைவர்கள் வரவேண்டும். தங்கள் தொழிலின் வருங்காலத்தை எடுத்துச் சொல்லவேண்டும்.

தண்டோராத் தலைவர் மலையாண்டி இடிபோல் முழங்கினார். "கண்ணுக்கு இமை உண்டு, மகாராஜா. காதுக்கு உண்டா? வருங்காலம் காதுக்குத்தான்!"

ஓலைநாயகம் திருவம்பலம் பிள்ளை மெல்லச் செருமினார். "தண்டோரா காற்றோடு போகும். காகிதம் கரையானோடு போகும். நிற்பது ஓலை."

"ஓலையைக் கண்டால் கரையான் கும்பிட்டுவிட்டுப் போகுமோ?" என்றார் சவரிராயர். "பிள்ளைவாள், இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் எழுத்தாணியால் பல்தான் குத்தலாம்."

"உம்முடைய யந்திரத்தில் அவல் இடிக்கலாம்!"

ராஜா கையை உயர்த்தினார். "போதும். மூன்றில் ஒன்றுக்கே நாடு முழுவதற்கும் உரிமை தரப்போகிறேன். மற்ற இரண்டையும் மூடிவிடலாம்." மூவரும் விடைபெற்றுப் போனதும் பக்கத்தில் நின்றவனிடம் திரும்பி, "தேனப்பா, இனி உனக்கும் வேலை இல்லை" என்றார்.

தினமும் காலையில் ராஜா வெற்றிலை போடும்போது ஊர்ச் சேதியைச் சொல்வதுதான் தேனப்பனின் உத்தியோகம். நிலபுலன் என்று அவனுக்கு இருந்தது வாய் ஒன்றுதான்.

"உத்தரவு" என்றான். "போவதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம். நாளை உச்சிப்பொழுதுக்குள் சபைக்கு வந்து கேட்பவருக்கே உரிமை என்று ஆணையிடுங்கள். மலையாண்டிக்கு அதைத் தண்டோராவில் சொல்வோம். பிள்ளைவாளுக்கு ஓலையில். ராயருக்கு அவர் அச்சடிக்கும் தாளில். வேறு வழியில் மூச்சு விடக்கூடாது. அவரவர் சேதிக்கு அவரவரே வராவிட்டால் நாடு எப்படி வரும்?"

"மூவருமே ஓடி வருவார்களே!"

"முதலில் வருபவருக்குக் கொடுங்கள். அடியேன் மூட்டையைக் கட்டுகிறேன்."

ராஜா சம்மதித்தார். மறுநாள் விடிந்ததும் மலையாண்டி வீட்டு வாசலிலேயே தண்டோரா அதிர்ந்தது. பிள்ளையின் மேஜையில் ஓலை போய் உட்கார்ந்தது. ராயரின் ஆட்களே கொட்டை எழுத்தில் ஆணையை அச்சடித்து, முதல் தாளை அவர் கையில் கொடுத்தார்கள்.

உச்சிப்பொழுது வந்தது. ஆள் வரவில்லை.

ராஜா கொட்டாவி விட்டார். தேனப்பன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ராஜாவே எழுந்தார். "வா, என்ன ஆயிற்று என்று பார்ப்போம்."

மலையாண்டி கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு. ராஜா உலுக்கியதும் அலறி எழுந்தார்.

"இதென்னய்யா பஞ்சு?"

"அந்தச் சத்தத்தை மனுஷன் கேட்பானா, மகாராஜா? மண்டையைப் பிளக்கிறது!" பக்கத்தில் நின்றவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, தேனப்பா! ஊரில் என்னப்பா விசேஷம்?"

பிள்ளை தம் அலுவல் கூடத்தில் இருந்தார். முன்னால் ஓலைக்குவியல். ஒவ்வொன்றாக எடுத்து, பார்க்காமலே முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அரசாணையிலும் முத்திரை விழுந்திருந்தது.

"படிக்கவில்லையா?" என்றார் ராஜா.

"எல்லாவற்றையும் படித்தால் கண் என்னத்துக்கு ஆகும்?" என்று எழுந்து கும்பிட்டவர், குரலைத் தாழ்த்தினார். "தேனப்பா, சந்தைத் தெருவில் ஏதோ சண்டையாமே? சொல்லு, சொல்லு."

ராஜா தேனப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார். தேனப்பன் ராயர் வீட்டுப் பக்கம் நடந்தான்.

ராயர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சுடச்சுட உளுந்து வடை. வடைக்கு அடியில் காலையில் அச்சான தாள், எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் மினுங்கியது.

"வாருங்கள், மகாராஜா! இந்தக் காகிதம் எண்ணெயை என்னமாய் உறிஞ்சுகிறது, பாருங்கள். தேனப்பா, உட்கார். இன்றைக்கு என்ன புதினம்?"

ராஜா ஒரு வடையை எடுத்துத் திருப்பினார். ஈர மை அப்படியே ஏறியிருந்தது. இடம்வலம் மாறியிருந்தாலும் 'உச்சிப்பொழுது' என்பது தெளிவாகத் தெரிந்தது.

"ராயரே, இந்த ஆணையை நீர் வாசிக்கவே இல்லையா?"

ராயர் வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்கினார்.

"அவரைக் குறை சொல்லாதீர்கள், மகாராஜா" என்றான் தேனப்பன். "மற்ற இருவரும் ஆணையை ருசிகூடப் பார்க்கவில்லை. இவர் பாதியை விழுங்கியே விட்டார்!"

ராஜா சிரித்த சிரிப்பில் தட்டு குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அது சரி, மூவரும் உன்னிடம்தான் சேதி கேட்கிறார்களே, ஏனடா?"

"பரிமாறுகிறவர்கள் மகாராஜா, தங்கள் சமையலைத் தாங்கள் சாப்பிடுவதில்லை. அடியேன் சொல்வதை நானும் கேட்டுக்கொண்டே சொல்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

எந்தத் தொழிலும் மூடப்படவில்லை. மலையாண்டி தினமும் பஞ்சில்லாமல் தண்டோராவின் பக்கத்தில் நிற்கவேண்டும். பிள்ளை படித்த பிறகே முத்திரை குத்தவேண்டும். ராயர் தாளை வாசித்து முடித்த பிறகே வடையைத் தொடவேண்டும். தேனப்பனுக்குப் பட்டுச் சால்வையும் பழைய உத்தியோகமும்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி செங்கமலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேலை?"

"இருக்கு."

பிழைத்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு வருமே ஓர் அலுப்பு, அது அவனைப் பிடித்துக்கொண்டது. சால்வையைக் கொடியில் போட்டான். காலையில் பாதி உரித்து வைத்துவிட்டுப் போன மொச்சை முறத்தில் கிடந்தது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல் உரிக்க ஆரம்பித்தான்.