சோளநாற்று வணங்கிய மந்திரி

முன்னொரு காலத்தில், சாண் உயரம்கூட வளராத சோளநாற்றுகள் ஒன்றுகூடி ஒரு தலைமை மந்திரியை மண்டியிட வைத்தன. கத்தி கிடையாது, ஈட்டி கிடையாது, வெறும் பச்சை இலைதான். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. அந்தச் சபையிலேயே நம்பாதவர் ஒருவர் இருந்தார். அவர் பாடு என்ன ஆயிற்று என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த நாட்டு ராஜாவுக்கு இடிமுகவர்மன் என்று பெயர். அவர் தும்மினால் மூன்று ஊர் தள்ளி இருக்கும் கோழிகள் நாள் தவறி முட்டையிடும். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. கண்ணில் படுவதெல்லாம் அவரை வணங்க வேண்டும். மனிதர்கள் வணங்கினார்கள். யானை வணங்கியது. அரண்மனைக் கிளியும் கூண்டுக்குள் தலையைத் தாழ்த்தியது. தலைநகரில் எல்லாரும் எந்நேரமும் குனிந்தே நடந்ததால், பாட்டன் காலத்தில் தொலைந்த மூக்குத்திகள்கூட அகப்பட்டுவிட்டன.

ஒருநாள் ராஜா யானைமேல் ஊர்வலம் போனார். வழியில் மாடத்தி என்ற குடியானவளின் சோளக்கொல்லை. முழங்கால் உயரப் பயிர், வரிசை வரிசையாக விறைப்பாக நின்றது.

பக்கத்தில் குதிரைமேல் வந்த தலைமை மந்திரி கனகராயர் தொண்டையைக் கனைத்தார். "பிரபு, சொல்லவே நா கூசுகிறது. இந்தப் பயிர் தங்களைப் பார்த்தும் தலை தாழ்த்தவில்லை."

ராஜாவின் மீசை துடித்தது. "என்ன திமிர்! யானைகளை விட்டு மிதிக்கச் சொல்லுங்கள்!"

கொல்லையிலிருந்து மாடத்தி அலறிக்கொண்டு ஓடிவந்து யானையின் முன்னால் விழுந்தாள். "சாமீ! எம் புள்ளைங்க வருசம் பூராக் குடிக்கிற கூழு சாமீ அது! வேணும்னா என்னை மிதிக்கச் சொல்லுங்க, பயிரை விட்டுருங்க!"

ஊர்வலத்தின் கடைசியில் ஒரு நொண்டிக் கழுதைமேல் வந்துகொண்டிருந்தான் விகடகவி சடையாண்டி. ராஜா அவனுடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் கனகராயருக்கு வயிறு எரியும். அந்த வயிற்றில் அடை சுடலாம், அவ்வளவு சூடு.

சடையாண்டி கழுதையை விட்டு இறங்கி வந்தான். "மகாராஜா, தங்களைத் தரிசிக்கச் சபைக்கு வந்தவர்கள்தானே வணங்குவார்கள்? இந்தப் பயிரை யாராவது சபைக்கு அழைத்தார்களா? இதே விதையைச் சட்டிகளில் விதைத்துச் சபா மண்டபத்தில் வைக்கிறேன். பௌர்ணமிக்குள் அது வணங்காவிட்டால் கொல்லையையும் மிதிக்கலாம், என் தலையையும் மிதிக்கலாம்."

கனகராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "பயிராவது, வணங்குவதாவது! என் கண்ணால் பார்த்தாலும் நான் நம்பமாட்டேன்."

"நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை இருந்தால் போதும் ஐயா" என்றான் சடையாண்டி.

ராஜா சம்மதித்தார். பௌர்ணமிவரை பொழுது போகவேண்டுமே என்று வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

சபா மண்டபத்தில் சிங்காதனத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. ராஜாவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரியவேண்டும் என்பதற்காகவே வைத்த ஜன்னல். சடையாண்டி அதை மட்டும் திறந்து வைத்து, மற்ற எல்லாவற்றையும் சாத்தினான். மண்டபத்தின் நடுவில் சட்டிகளை அடுக்கி, ஊறவைத்த சோளத்தை விதைத்துத் தண்ணீர் தெளித்தான். முளை மண்ணைப் பிளந்து வெளியே வந்ததும் சிங்காதனத்தின் பக்கம் லேசாகச் சாயத் தொடங்கியது.

ராஜா இல்லாத நாட்களில் வழக்கு விசாரிப்பது கனகராயர். சிங்காதனத்தில் உட்கார அவருக்கு உரிமை இல்லை. பக்கச் சுவரோரம் அவருக்கு ஓர் ஆசனம். அவர் சட்டிகளைப் பார்த்தார், சிங்காதனத்தைப் பார்த்தார், பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார். ஆள் ஒன்றும் மண்டு இல்லை. விஷயம் பிடிபட்டுவிட்டது. தாமே எழுந்துபோய் அந்த ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார்.

அன்று பிற்பகல் சடையாண்டி வந்து பார்த்தான். மண்டபம் இருட்டு. ஆனால் கனகராயரின் ஆசனத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு ஜன்னல் பளிச்சென்று திறந்திருந்தது. மந்திரிக்கு வெற்றிலை போடாமல் வாய் திறக்காது. சபையில் எச்சில் துப்பினால் சவுக்கடி என்பது ராஜா போட்ட சட்டம். அதனால் புளிச் புளிச்சென்று துப்ப, சாத்தியிருந்த அந்த ஜன்னலை அவரே திறந்துகொண்டிருந்தார்.

சடையாண்டி இரண்டு ஜன்னல்களையும் அப்படியே விட்டுவிட்டான். வீட்டுக்குப் போய், கூடை நிறையக் கொழுந்து வெற்றிலையும் வாசனைப் பாக்கும் வாங்கி மந்திரிக்கு அனுப்பிவைத்தான். 'சாகப்போகிறவன் காக்கா பிடிக்கிறான்' என்று கனகராயர் பூரித்துப்போனார். ராஜா திரும்பும்வரை பகல் முழுக்க மென்றார், துப்பினார், மென்றார். ஜன்னல் மூடவே இல்லை. வெளியே இருந்த வெள்ளைச் சுவர் செம்மண் சுவராகிவிட்டது.

பௌர்ணமி அன்று காலையில் சபை கூடியது. வாசலில் மாடத்தி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுடைய கொல்லையின் வரப்பில் யானைகள் தயாராக நின்றன. ராஜா வந்து சிங்காதனத்தில் அமர்ந்து சட்டிகளைப் பார்த்தார். ஒரு நாற்றுகூட அவர் பக்கம் சாயவில்லை.

கனகராயர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா பிரபு! வணங்கவில்லை! யானைகளுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"மகாராஜா," என்றான் சடையாண்டி பணிவாக, "வணங்கவில்லை என்று மந்திரியார் சொல்வது தவறு. நன்றாக இடுப்பை வளைத்தே வணங்கியிருக்கின்றன. யாரை வணங்குகின்றன என்று மட்டும் பாருங்கள்."

சபை முழுவதும் நாற்றுகள் சாய்ந்த திசையில் பார்த்தது. அங்கே, கன்னத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, கனகராயர்.

ராஜா உறுமியபோது மண்டபத் தூணில் இருந்த பல்லிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. "எனக்கு வணங்காத பயிர் உமக்கு வணங்குகிறதா? நான் வேட்டைக்குப் போன நேரத்தில் முடிசூட்டிக்கொண்டீரா?" உறையிலிருந்து வாள் பாதி வந்துவிட்டது.

கனகராயர் தடாலென்று மண்டியிட்டார். "ஐயோ பிரபு! அது வணக்கமே இல்லை! செடிக்கு ராஜா தெரியாது, மந்திரி தெரியாது. வெளிச்சம் வரும் பக்கம் வளையும், அவ்வளவுதான்! தங்களுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலை நான்தான் சாத்தினேன்! என் ஜன்னல் திறந்திருந்தது, அதனால் இப்படி ஆயிற்று!"

"ஆகா!" என்றான் சடையாண்டி. "அடியேன் சொன்னால் உயிருக்குப் பயந்து உளறுகிறான் என்பீர்கள். மந்திரியார் வாயாலேயே வந்துவிட்டது. மகாராஜா, இலைதான் செடிக்கு அடுப்படி. காற்றையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அங்கேதான் தனக்குச் சோறு ஆக்குகிறது. வெயில்தான் அந்த அடுப்பின் நெருப்பு. வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தால், தண்டின் நிழல் பக்கம் வேகமாக நீளும், வெளிச்சப் பக்கம் மெதுவாக நீளும். உடம்பு தானாக வளைந்துவிடும். கொல்லையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? தலைக்கு மேலிருந்து. அதனால் நிமிர்ந்து நிற்கிறது. அப்படி நின்றால்தான் கதிர் பிடிக்கும், தங்கள் களஞ்சியமும் நிறையும். மாடத்தியின் பயிர் தங்களை அவமதிக்கவில்லை. சமைத்துக்கொண்டிருந்தது."

ராஜா வாளைப் பிடித்த கையோடு நின்றார். "அப்படியானால் இவை எனக்கு வணங்கவே வணங்காதா?"

"சாயங்காலம்வரை பொறுங்கள் மகாராஜா."

சடையாண்டி மந்திரியின் ஜன்னலைச் சாத்தினான். சிங்காதனத்து ஜன்னலைத் திறந்தான். ராஜா சாப்பாட்டைக்கூடச் சிங்காதனத்துக்கே வரவழைத்து, கண் கொட்டாமல் நாற்றுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் சட்டி சட்டியாக அத்தனை நாற்றுகளும் அவர் பக்கம் திரும்பி வளைந்திருந்தன.

ராஜா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோட்டைக் கதவின் கீல்கள் தளர்ந்து, மறுநாள் கொல்லரை அழைக்கவேண்டி வந்தது. "யானைகளைக் கொட்டடிக்கு ஓட்டுங்கள்! இனி எந்தப் பயிரும் யாருக்கும் குனியவேண்டாம். சடையாண்டி, என்ன வேண்டும், கேள்!"

"மாடத்தியின் கொல்லைக்குக் கிழக்கே அரண்மனைப் புளியந்தோப்பு இருக்கிறது மகாராஜா. அந்த ஓரத்துப் பயிர் நிழலில் வெளுத்து, நெளிந்து கிடக்கிறது. தோப்பின் கிளைகளைக் கழித்துவிட உத்தரவு வேண்டும்."

"கிளையைக் கழிப்பது அவளுக்கு. உனக்கு?" என்ற ராஜா, தம் கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

வாசலில் மாடத்தி தலைக்குமேல் கைகூப்பினாள். "நீ நல்லா இருக்கணும் சாமி! அந்தப் புளியந்தழைய எங்க வீட்டு ஆடு தின்னா, அதுவும் உன்னைத்தான் வாழ்த்தும்!"

ராஜா கனகராயர் பக்கம் திரும்பினார். "மந்திரியாரே, கண்ணால் பார்த்தாலும் நம்பமாட்டேன் என்றீரே. இப்போது சபையறியச் சொல்லும். பயிர் வணங்கியதா, இல்லையா?"

கனகராயர் துப்ப ஜன்னலைத் தேடினார். அது சாத்தியிருந்தது. வாயில் இருந்ததை மடக்கென்று விழுங்கினார்.

"வணங்கியது பிரபு" என்றார். "காலையில் அடியேனை. அதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. ஆனால் நடந்தது."